உச்சிக்கு மேல் கொஞ்சம் இடம்

மாஸ்டரிங் அறையின் பெரிய திரையில் என் பாட்டு விரிந்தபோது அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை மேலும் கீழும் விளிம்பைத் தொட்டு நிரம்பிய ஒரு நீலப் பட்டை மட்டும்தான் இருந்தது. பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. சரணத்துக்கு முன்னால் மிருதங்கம் தனியாக வரும் இடத்துக்குப் போய், ஒரே ஓர் அடியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். பட்டை கோடானது, கோடு வளைவானது, கடைசியில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு நொடி ஒலியை 48,000 புள்ளிகளாகப் பதிந்த கோப்பு அது. வலந்தலையில் விரல் விழுந்த கணத்தில் புள்ளிகள் ஏறி, ஒரு முனையைத் தொட்டு, இறங்கியிருக்க வேண்டும். ஏறத்தான் செய்தன. ஆனால் உச்சியில் 17 புள்ளிகள் ஒரே உயரத்தில், மட்டம் பார்த்துக் கட்டிய மதில்போல வரிசையாக நின்றன.

"அடி எங்க தம்பி?" என்று கேட்டார். "விரல் பட்ட நேரம் இதுல இல்லையே."

மூன்று வாரம் உட்கார்ந்து செய்த மிக்ஸ் அது. வெளிவந்த பாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என் பாட்டு சத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று, கடைசி இரவில் மாஸ்டர் சேனலில், உச்சிகளை அடக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டிருந்தேன். அதுவும் போதாமல் லிமிட்டருக்குப் பின்னால் இருக்கும், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரையும் ஏற்றியிருந்தேன். அந்த ஏற்றம்தான் 17 புள்ளிகளாகத் திரையில் நின்றது.

"ஜாக்கெட் தைக்கிறவர் உள்ளே ஒரு விரக்கடை துணி விட்டுத்தானே தைப்பார்?" என்றார் அவர். "நாளைக்குப் பிரிச்சுவிடணும்னா துணி வேணுமில்ல? நீங்க ஒட்ட நறுக்கிட்டு வந்திருக்கீங்க. நான் எதைப் பிரிக்கிறது?" கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மிக்ஸை மாஸ்டரிங்குக்குத் தயார்செய்வதென்றால் அதற்குக் கடைசி மெருகு ஏற்றுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாமல் கையை எடுத்துக்கொள்வதுதான் அந்தத் தயாரிப்பு என்று அன்று புரிந்தது. எவை திரும்பப் பெற முடியாதவை, ஏன் என்பதற்கெல்லாம் இயற்பியலிலும் நம் காதின் அமைப்பிலும் தெளிவான விடை இருக்கிறது.

ஊசியிலிருந்து வந்த தொழில்

பாடகரின் குரல், மிருதங்கம், வயலின், பேஸ் கிட்டார் என்று தனித்தனி ட்ராக்குகளில் பதிந்தவற்றை அளவு பார்த்துச் சேர்த்து, இடது வலது என இரண்டே தடங்களாக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு தடங்களை எடுத்து, எந்தக் கருவியில் கேட்டாலும் சரியாக ஒலிக்கும்படி கடைசிச் சமன் செய்வது மாஸ்டரிங்.

இந்தத் தொழில் இசைத்தட்டிலிருந்து வந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. அதே காலத்தில் ஒலிப்பதிவு காந்த நாடாவுக்கு மாறியது. நாடாவில் இருப்பதைத் தட்டில் வெட்டுவதற்குத் தனியாக ஒரு கைத்திறன் தேவைப்பட்டது. தாழ்ந்த சுரங்கள் பள்ளத்தை அகலமாக அலைக்கழிக்கும். தட்டில் இடம் போதாது. ஸ்டீரியோ வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. இடது வலது தடங்களில் பேஸ் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் வெட்டும் ஊசி பக்கவாட்டில் அசையாமல் மேலும் கீழும் அசையும். பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகும், அடுத்த இடத்தில் அழிந்தே போகும்; வீட்டில் கேட்பவரின் ஊசி துள்ளிவிடும். அதனால் வெட்டுபவர் பேஸை நடுவில் நிறுத்தினார், உச்சிகளை அடக்கினார். ஒருமுறை வெட்டிய பள்ளத்தை மறுபடி மூட முடியாது. ஆகவே, திரும்ப முடியாத வேலை வரிசையின் கடைசியில், அதற்கென்றே பழகிய ஒரு கையில் இருந்தது. தொழில் கணினிக்கு வந்த பிறகும் இந்த வரிசையின் நியாயம் மாறவில்லை.

17 புள்ளிகளில் தொலைந்தது என்ன

டிஜிட்டல் ஒலியில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். 24 பிட் கோப்பில் அந்த எண் 83,88,607-க்கு மேல் போகாது. இந்த உச்ச வரம்புக்குத்தான் 0 டெசிபெல் என்று பெயர். மற்ற அளவுகளெல்லாம் அதற்குக் கீழே கழித்தல் குறியோடு எழுதப்படும். ஒலி வரம்பைத் தாண்டினால் கணினி வரம்பு எண்ணையே திரும்பத் திரும்ப எழுதும். இதுதான் கிளிப்பிங். உண்மை உச்சி வரம்புக்குச் சற்று மேலே இருந்ததா, இரண்டு மடங்கு உயரத்தில் இருந்ததா என்பதை அந்த 17 புள்ளிகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சத்தத்தைக் குறைத்தால் மதிலின் உயரம்தான் குறையும். கூர்முனை திரும்பி வராது.

தொலைந்ததோடு போவதில்லை, வேண்டாதது சேர்ந்தும்விடுகிறது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோல் அதிரும்போது அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கற்று அமையும். அதனால்தான் பெரும்பாலான பறைகளில் தெளிந்த சுரம் கேட்பதில்லை. மிருதங்க வலந்தலையின் நடுவில் உள்ள கரணை இந்த மேல்சுரங்களை இழுத்து 2, 3, 4, 5 என்ற முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் காட்டினார், 1920-இல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார். தோலின் மேல் பசையைப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றி, கைத்தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டடைந்த ஒழுங்கு அது.

கிளிப்பிங் அந்த ஒழுங்கில் கை வைக்கிறது. 200 ஹெர்ட்ஸிலும் 330 ஹெர்ட்ஸிலும் இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும் இடத்தில் உச்சியை வெட்டினால், யாரும் வாசிக்காத 70, 460 ஹெர்ட்ஸ் போன்ற ஒலிகள் புதிதாக முளைக்கும். அவற்றுக்கும் மிருதங்கத்தின் சுருதிக்கும் உறவில்லை. காதுக்கு அது கரகரப்பாக, காரணம் தெரியாத எரிச்சலாகப் படும். கரணை கொடுத்ததை ஃபேடர் கெடுத்துவிடுகிறது.

ஆறு டெசிபெல் என்பது எவ்வளவு

"உச்சியில் 6 டெசிபெல் விட்டு அனுப்புங்கள்" என்பது மாஸ்டரிங் செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. டெசிபெல் மடங்குகளின் கணக்கு. 6 டெசிபெல் குறைந்தால் அலையின் உயரம் பாதியாகும். பாதி உயரத்தை வீணாக்குவதா என்று தயங்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் தயக்கத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடம் தருகிறது. சி.டி.யின் 16 பிட்டில் சுமார் 96 டெசிபெல். 24 பிட்டில் சுமார் 144. அதாவது 6 டெசிபெல் விட்டால் 24-இல் ஒரு பிட் போகும்; மீதி 23 பிட். நம் அறையின் மின்விசிறிச் சத்தமும் மைக்கின் இரைச்சலும் கடைசிச் சில பிட்டுகளை எப்போதோ மூழ்கடித்துவிட்டன. எனவே இழப்பு காதுக்கு எட்டாது.

அந்த 6 என்ற எண்ணுக்குப் புனிதம் எதுவும் இல்லை. 3 விட்டாலும் 10 விட்டாலும் மாஸ்டரிங் செய்பவர் தனக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்வார். உச்சிகள் முழுதாக வந்து சேர வேண்டும் என்பதே முக்கியம். 32 பிட் ஃப்ளோட் என்ற வடிவத்தில் கோப்பை எடுத்தால் வரம்பைத் தாண்டிய உச்சிகூடக் காப்பாற்றப்படும். எண்ணின் இலக்கங்களைத் தனியாகவும், அது எத்தனை மடங்கு என்பதைத் தனியாகவும் எழுதிவைக்கும் முறை அது. 0 டெசிபெல்லுக்கு மேலே போனதைப் பின்னால் இறக்கினால் கூர்முனை அப்படியே கீழே வரும். என் ஃபேடர் பிழைகூட ஃப்ளோட்டில் வந்திருந்தால் திருத்தக்கூடியதாக இருந்திருக்கும்.

ஒரு நுட்பம் இங்கே உண்டு. புள்ளிகள் வரம்புக்குள் இருந்தாலும் புள்ளிகளுக்கு இடையே அலை வரம்பைத் தாண்டலாம். 48,000 புள்ளி வீதத்தில் 12,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு புள்ளிகள்தான் கிடைக்கும். அந்த நான்கும் உச்சிக்கு இரண்டு பக்கமும் சரிவில் விழுந்துவிட்டால், மீட்டர் காட்டுவதைவிட உண்மை அலை 3 டெசிபெல் உயர்ந்திருக்கும். மீட்டரில் 0-ஐத் தொட்டு நிற்கும் பாட்டு போனில் கரகரப்பது பல நேரம் இதனால்தான். விட்டுவைத்த இடம் இதையும் தாங்கிக்கொள்ளும்.

நசுக்கியே வந்த ஆல்பம்

லிமிட்டர் கிளிப்பிங்கைவிட நாசூக்கானது. உச்சி வரப்போவதை ஒரு கண நேரம் முன்பே பார்த்து, அந்த இடத்தில் மட்டும் ஒலியை இறக்கி, கடந்ததும் ஏற்றிவிடும். உச்சி அடங்கினால் மொத்தப் பாட்டையும் மேலே தூக்கலாம். பாட்டு உரக்கக் கேட்கும். ஆனால் எந்தக் கணத்தில் எவ்வளவு இறக்கியது என்ற பதிவு கோப்பில் இருக்காது. அது தெரியாமல் பழைய நிலைக்குத் திருப்ப வழியில்லை.

2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வெளிவந்தபோது இதை உலகமே கேட்டது. டிரம்ஸ் அடிகள் நொறுங்கிக் கரகரத்தன. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டிலும் வந்திருந்தன. அங்கே அவை நசுக்கப்படாமல் தெளிவாக ஒலித்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து அலைவடிவங்களை ஒப்பிட்டார்கள். மறுபடி மிக்ஸ் செய்து தாருங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பழி முதலில் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் மேல்தான் விழுந்தது. மிக்ஸ்கள் தன்னிடம் வந்து சேரும்போதே நசுக்கப்பட்டுத்தான் வந்தன என்று ஒரு ரசிகருக்கு அவர் எழுதிய பதில் வெளியே பரவியது. அந்தத் துறையில் மிகப் பெரிய அனுபவம் உள்ளவர்களில் ஒருவர் அவர். கையில் வந்த துணியில் விளிம்பு இல்லையென்றால் அவராலும் பிரித்துவிட முடியாது.

யார் பாட்டு அதிக உரக்கக் கேட்கும் என்ற போட்டிக்கே இன்று தேவை குறைந்துவிட்டது. நம் காது எவ்வளவு உரக்க உணர்கிறது என்பதை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்தது. எல்.யூ.எஃப்.எஸ். என்பது அந்த அளவீட்டின் அலகு. ஸ்பாட்டிஃபை பாட்டுகளை வழக்கமாக மைனஸ் 14 அளவுக்குச் சமன்செய்து ஒலிக்கிறது. மைனஸ் 8-க்கு நசுக்கி அனுப்பிய பாட்டை அது 6 டெசிபெல் இறக்கிவிடும். உச்சியும் போய், சத்தமும் போய், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

இதற்காக மிக்ஸில், உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரஸரே கூடாது என்பதில்லை. தொடக்கத்திலிருந்தே மாஸ்டர் சேனலில் ஒரு கம்ப்ரஸரை வைத்து, அதன் இழுப்பைக் கேட்டபடியே மிக்ஸைக் கட்டியிருந்தால் அது பாட்டின் குணம், இருக்கட்டும். சத்தத்துக்காக மட்டும் கடைசியில் போட்டது எதுவோ அதை எடுத்துவிட வேண்டும். லிமிட்டரோடு ஒரு பிரதியையும் அனுப்பலாம். நம் மனதில் உள்ள சாயல் மாஸ்டரிங் செய்பவருக்குப் புரியும்.

அறை சொல்லும் பொய்

நான் மிக்ஸ் செய்யும் அறை பத்துக்குப் பத்து. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். 56 ஹெர்ட்ஸ் அருகில் ஒலியின் பாதி அலைநீளம் அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிறது. அப்போது அலை நகராமல் நின்றுவிடும்: சுவரோரம் பேஸ் குமுறும், அறையின் நடுவில் ஏறக்குறைய மௌனம். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். நான் உட்காருவது அறையின் நடுவில். கேட்கவில்லையே என்று அந்தத் தந்தியை ஏற்றிக்கொண்டே போயிருந்தேன். மாஸ்டரிங் அறையில் அது தரையை அதிரவைத்தது.

காதுக்கும் ஒரு சாய்வு உண்டு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டியது இது: ஒலி மெலிதாக இருக்கும்போது பேஸ் மற்றவற்றைவிட அதிகமாக மங்கும். உரக்க வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதும் என்று தோன்றும். மெதுவாகக் கேட்பவருக்கு அது காணாமல் போகும். இன்னொரு சாய்வும் இருக்கிறது. ஒரே ஒலியை ஒரு டெசிபெல் உயர்த்திப் போட்டாலும் 'இதுதான் நன்றாக இருக்கிறது' என்று மனம் சொல்லும். லிமிட்டர் என்னை ஏமாற்றியது இந்த வழியில்தான்.

ஆகவே அளவான ஒரே சத்தத்தில் வைத்து மிக்ஸ் செய்வது நல்லது. நமக்குப் பிடித்த, நன்கு தெரிந்த பாட்டு ஒன்றை நம் மிக்ஸின் சத்தத்துக்கு இறக்கிவைத்து ஒப்பிட வேண்டும். நாற்காலியை அறையின் நடுவிலிருந்து நகர்த்தியும், ஹெட்போனிலும், சின்ன ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும். முடித்த அன்றே அனுப்பாமல் ஓர் இரவு காதுக்கு ஓய்வு கொடுத்துக் காலையில் கேட்டால், இரவில் படாத குறை முதல் நிமிடத்திலேயே படும்.

கலந்த பின் பிரியாதவை

மாஸ்டரிங் செய்பவர் கையில் இருப்பது இரண்டே தடங்கள். குரலைத் தூக்க 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் அங்கேயே குடியிருக்கும் வயலினும் சேர்ந்து ஏறும். 'ஸ', 'ச' எழுத்துகளின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதைக் கடைசியில் அடக்கினால் ஜால்ராவின் மினுக்கமும் மங்கும். குரல் ட்ராக்கிலேயே அதை அடக்கினால் ஜால்ராவுக்கு ஒன்றும் ஆகாது. இன்னார் கூட, இன்னார் குறைய என்ற தீர்ப்பு மிக்ஸிலேயே முடிய வேண்டும். குரல் விஷயத்தில் மனம் ஊசலாடினால், குரலை ஒரு டெசிபெல் கூட்டி இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிடலாம்.

அகலமும் இப்படித்தான். வயலினை விரித்துக் காட்டும் சில பிளக்-இன்கள் இடப்பக்க அலையைத் தலைகீழாக்கி வலப்பக்கம் வைக்கின்றன. ஹெட்போனில் அது தலையைச் சுற்றிப் பரவும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்று, வயலின் மறைந்துவிடும். கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியிலும், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனிலும் நம் பாட்டைக் கேட்பவர்கள் நிறையப் பேர். அனுப்பும் முன், இரண்டு தடங்களையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எல்.பி. வெட்டியவரின் ஊசியைத் துள்ளவைத்த அதே எதிர் அசைவுதான் இது.

கோப்பு கைமாறும் முன்

இரண்டாம் முறை அனுப்பியபோது லிமிட்டரை எடுத்துவிட்டேன். 48,000 புள்ளி வீதத்தில் பதிந்ததை 48,000-இலேயே விட்டேன்; தேவையான மாற்றத்தைக் கடைசியில் ஒரே முறை செய்வதே நல்லது. 32 பிட் ஃப்ளோட்டில் வேவ் கோப்பாக எடுத்தேன். எம்பி3 எடுக்கவில்லை. பலத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லிய ஒலிகளைக் காதுக்கு வேண்டாம் என்று எறிந்துவிடுவது எம்பி3. பின்னால் யாராவது ஒலியைத் தூக்கும்போது அந்தக் காலியிடங்கள் வெளியே தெரியும். 16 பிட்டுக்கு இறக்கும்போது கடைசி இலக்கங்களின் வெட்டுக்காயம் கேட்காமலிருக்க மெல்லிய இரைச்சலைத் தூவும் 'டிதர்' என்ற வேலையையும் மாஸ்டரிங்குக்கே விட்டேன்.

முதல் கோப்பில் நான் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. பாட்டு தம்புராவோடு முடிகிறது. கடைசி மீட்டல் ஓய்ந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் நறுக்கியிருந்தேன். உண்மையில் அந்த ஒலி இன்னும் நான்கு நொடி மெலிந்துகொண்டே போயிருக்கிறது. ஒட்டுமொத்தச் சத்தம் ஏறும்போது அந்த நறுக்கு கதவு சாத்தியதுபோலக் கேட்கும். இம்முறை முன்னால் இரண்டு நொடியும், பின்னால் ஒலி முழுதாக அடங்கி மேலும் சில நொடியும் விட்டேன். பாடகர் மூச்சு இழுப்பதும் அதில் இருந்தது. எங்கே தொடங்குவது, எங்கே மங்கி முடிவது என்பதைப் பொறியாளர் கேட்டு முடிவுசெய்யட்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். பாட்டின் பெயர், வேகம், எனக்குப் பிடித்த ஒப்பீட்டுப் பாட்டு, பேஸ் பற்றிய என் சந்தேகம் ஆகியவற்றையும் அதிலேயே எழுதினேன்.

திரையில் கோப்பு விரிந்தபோது பட்டை இல்லை. வெள்ளை இடத்தின் நடுவே மெலிந்த உடலோடு ஓடிய அலையிலிருந்து மிருதங்க அடிகள் முள் முள்ளாக எழும்பி நின்றன. அவர் அதே அடியைத் தேடிப்போய்ப் பெரிதாக்கினார். புள்ளிகள் செங்குத்தாக ஏறி, ஒன்றே ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்று, பிறகு நடுங்கி நடுங்கி இறங்கின. "இதோ விரல்" என்றார். அன்று அவர் அந்த உச்சியையும் அடக்கத்தான் செய்தார். பாட்டு வெளியே போக வேண்டிய அளவுக்கு ஏற்றவும் செய்தார். எவ்வளவு அடக்கினால் விரல் இன்னும் கேட்கும் என்று, நல்ல அறையில், ஓய்ந்த காதால் கேட்டுச் செய்தார்.

இப்போதெல்லாம் எந்தக் கோப்பையும் அனுப்பும் முன் அதில் ஓர் அடியைத் தேர்ந்தெடுத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்கிறேன். உச்சியில் அந்த ஒற்றைப் புள்ளி தனியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.